நண்பர் வீட்டில் எத்தனை நாள், மலையில் எத்தனை நாள்? சுவிட்சர்லாந்துப் பயணம் பற்றி ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். கோவையிலிருந்து நீங்கள், மனைவி, ஒன்பது வயது மகள் மூவரும் ஜூன் மூன்றாவது வாரம் பத்து நாளுக்கு சுவிட்சர்லாந்து வருகிறீர்கள். கல்லூரி நண்பர் பெர்னில் குடும்பத்தோடு இருக்கிறார். "ஹோட்டல் எதுக்கு, பத்து நாளும் நம்ம வீட்லயே இருங்க" என்று சொல்லிவிட்டார். பனிமலை மேலுள்ள ரயில் நிலையமான யுங்ஃபிராவ்யோக், இன்டர்லாகன், லூட்சர்ன் ஊர்கள் பார்க்க வேண்டும், இரண்டு மூன்று ட்ரெக்கிங் போக வேண்டும், முன் அனுபவம் வெள்ளியங்கிரி மட்டுமே. எந்தப் பாதை, எந்த ரயில் பாஸ் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் பதில் உண்டு. ஆனால் கடைசி வரியில் "நண்பருக்கும் சிரமம் இருக்கக்கூடாது, மலையும் தவறக்கூடாது" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பெர்னுக்குப் பக்கத்தில் தூன் என்ற ஊரில் நீண்ட காலமாக இருக்கிறேன். இங்குள்ள ஒரு நடைப்பயணச் சங்கத்தில் பயிற்சி எடுத்து, கோடையில் குழுக்களை மலைக்கு அழைத்துப் போகிறேன். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளும் எங்கள் வீட்டுக்குக் குறைவில்லை. ஆகவே பாதை, வானிலை, வீட்டு விருந்து மூன்றையும் பற்றி அனுபவத்தில் சொல்ல முடியும். விசா விதிகளில் நான் நிபுணன் இல்லை. அதைப் பற்றிச் சொல்வதை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, தூதரக இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட பயணங்கள் எங்கே சிக்குகின்றன என்றால், நண்பர் காலண்டருக்குக் கட்டுப்பட்டவர், மலை வானத்துக்குக் கட்டுப்பட்டது. நண்பருக்கு சனி, ஞாயிறுதான் ஓய்வு. மலைக்கு எந்தக் கிழமை வெயில் அடிக்கிறதோ அதுதான் நல்ல நாள். பெரும்பாலானவர்கள் ஊரிலிருந்தே தேதி வாரியாக அட்டவணை போட்டு, "ஞாயிற்றுக்கிழமை நண்பரோடு யுங்ஃபிராவ்" என்று டிக்கெட்டும் எடுத்துவிடுகிறார்கள். ஞாயிறு காலையில் மேகம் மூடியிருந்தால், பெரிய தொகையொன்றைக் கொடுத்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆகவே நண்பருக்கான நாட்களை மட்டும் தேதி போட்டு உறுதி செய்யுங்கள். மலைக்கான நாட்களைத் திறந்து வையுங்கள். லூட்சர்ன், பெர்ன் போன்ற ஊர்சுற்றலை மழை நாளுக்கென்று கையிருப்பில் வையுங்கள். நான் சொல்லப்போவது முழுவதும் இதிலிருந்து வருவதுதான்.

பத்து நாளும் அவர் வீட்டிலேயே தங்கலாமா? வேண்டாம் என்பேன். அவர் மனதார அழைத்திருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே வீட்டின் அமைப்பு வேறு. அறைகளை அரை கணக்கிலும் எண்ணுவார்கள். மூன்றரை அறை வீடு என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு ஹாலும் என்று பொருள். நான்கு பேர் இருக்கும் அப்படியொரு வீட்டில் மூன்று பேர் சேர்ந்தால், பிள்ளைகள் ஹாலில் பாய் விரித்துப் படுப்பார்கள். இரண்டு மூன்று இரவுக்கு அது கொண்டாட்டம். ஆறாவது இரவில் கொண்டாட்டமாக இருக்காது. வாஷிங் மெஷின் பல அடுக்ககங்களில் வீட்டுக்குள் இல்லை. அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருக்கும், முறை வைத்துத்தான் பயன்படுத்த முடியும். சேறு அப்பிய மலை உடுப்புகளோடு தினமும் வந்து நின்றால், நண்பரின் மனைவி பக்கத்து வீட்டுக்காரரிடம் முறை மாற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதைப் பெரும்பாலான கட்டிடங்களில் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையக் கடைகள் தவிர மற்றவை ஏறக்குறைய எல்லாமே மூடியிருக்கும், அதனால் வார மளிகைக்கு சனிக்கிழமைதான் நாள். ஜூன் மூன்றாவது வாரத்தில் பெர்னில் பள்ளிக்கு இன்னும் கோடை விடுமுறை தொடங்கியிருக்காது, அது ஜூலையில்தான். அவர்கள் காலை ஆறரைக்கு எழுந்து வேலைக்கும் பள்ளிக்கும் ஓடும் வாரத்தில்தான் நீங்கள் வருகிறீர்கள்.

நான் சொல்வது இப்படி: முடிந்தால் வெள்ளி அல்லது சனிக்கிழமை வந்து இறங்குங்கள். முதல் சனி, ஞாயிறு நண்பர் வீடு. திங்கள் முதல் வியாழன் அல்லது வெள்ளி வரை மலையடிவாரத்தில் தனியாகத் தங்குங்கள். கடைசி சனி, ஞாயிறு மறுபடி நண்பர் வீடு, அங்கிருந்து விமானம். இதில் நண்பருக்கு இரண்டு வார இறுதி கிடைக்கிறது, அவர் லீவு போட வேண்டியதில்லை. நடுவில் உங்களுக்கு நான்கைந்து நாள் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கும் சுதந்திரம் கிடைக்கிறது. பெரிய பெட்டிகளை அவர் வீட்டில் போட்டுவிட்டு முதுகுப்பையோடு மலைக்குப் போகலாம், அது ஒன்றே பெரிய சௌகரியம். மனவருத்தம் வருமே என்று தயங்காதீர்கள். "மலைக்குப் பக்கத்துல இருந்தா காலைல சீக்கிரம் கிளம்பலாம்" என்று சொன்னால் இங்கே இருக்கும் யாருக்கும் அது புரியும். உண்மையும் அதுதானே.

நடுவாரத்தில் அவர் வீட்டுப் பிள்ளைகளோடு உங்கள் மகள் விளையாட வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. இங்கே தொடக்கப்பள்ளிகளில் புதன்கிழமை பிற்பகல் பொதுவாக வகுப்பு இருக்காது. மலைப்பக்கம் மழை என்று தெரிந்தால் அன்று பெர்னுக்கு இறங்கி வந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குர்ட்டன் குன்றுக்குப் போங்கள். சுமார் 860 மீட்டர்தான் உயரம். பழனியில் விஞ்ச் ஓடுகிறதே, அதே மாதிரி வண்டி 1899-லிருந்து இங்கே ஓடுகிறது. மேலே விளையாட்டுத் திடலும் குட்டி ரயிலும் இருக்கின்றன. பெரியவர்களுக்கு ஒரு பக்கம் பெர்ன் நகரம், வானம் தெளிந்திருந்தால் மறுபக்கம் பனிமலை வரிசை. நண்பரின் மனைவிக்கு ஒரு பிற்பகல் ஓய்வு கிடைக்கும். நீங்கள் வாங்கிக்கொண்டு போகும் எந்தப் பரிசையும்விட அது பெரியது என்று என் வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பரிசு என்றதும் ஞாபகம் வருகிறது. ஜூன் மாதம், மாம்பழம் கொண்டுபோகலாம் என்று தோன்றும். கொண்டுவராதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பச்சைக் காய், பழம், இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுமதியில்லை. அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலைக்கும் இதே விதிதான், இங்கே இருப்பவர்கள் ஏங்குவதே அதற்குத்தான் என்றாலும். பால் பொருட்களும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து கொண்டுவரக் கூடாது, ஆகவே பால்கோவா, நெய் வேண்டாம். பருப்புப் பொடி, அப்பளம், வற்றல், எண்ணெயில் பொரித்த முறுக்கு, காப்பிப்பொடி, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் என்று கொண்டுவாருங்கள். பரிசுப் பொருட்களின் மதிப்பு ஆளுக்கு 150 பிராங்குக்குள் இருந்தால் வரிச் சிக்கலும் இல்லை. இந்த வரம்பு முன்பு 300 ஆக இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து குறைத்துவிட்டார்கள். பழைய பதிவுகளைப் படித்து ஏமாற வேண்டாம். வந்த பிறகு ஒருநாள் சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மளிகைக்கு ஒருமுறை பணம் கட்டுங்கள். ஏழு பேரை ஓட்டலுக்கு அழைத்துப்போனால் பில் யாருக்குமே சுகமாக இருக்காது.

விசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தேவை ஷெங்கன் குறுகியகால விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஜூன் நெரிசலை நினைத்துச் சீக்கிரம் போடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நண்பர் வீட்டில் சில நாள், விடுதியில் சில நாள் என்றால் இரண்டுக்கும் ஆவணம் வையுங்கள், அழைப்புக் கடிதத்தில் அவர் வீட்டில் தங்கும் தேதிகள் மட்டும் இருக்கட்டும். உங்கள் வருமான ஆவணங்கள் போதவில்லை என்று தோன்றினால், அழைப்பவரிடம் பொறுப்பேற்பு உறுதிமொழி கேட்பார்கள். அதில் அவர் 30,000 பிராங்க் வரை பொறுப்பேற்கிறார். வெறும் கையெழுத்து என்று நினைத்து நண்பரிடம் கேட்டுவிடாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கும் வேலைச் சான்றும் பலமாக இருந்தால் அந்தப் பேச்சே எழாமல் போகலாம், ஆனால் அது அதிகாரிகளின் முடிவு.

சரி, மலைக்கு வருவோம். வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறீர்கள் என்றால் கால் பலத்தைப் பற்றிக் கவலை இல்லை. உடம்புக்கு அது நான் கீழே சொல்லும் பாதைகள் எல்லாவற்றையும்விடக் கடுமையானது. ஆனால் அங்கே பழகியவை சில இங்கே உதவாது. அங்கே முன்னும் பின்னும் ஆள் போய்க்கொண்டே இருக்கும், ஏறிய வழியிலேயே இறங்கலாம். இங்கே பல இடங்களில் கேபிள் காரில் ஏறி, நடந்து, வேறோர் இடத்தில் இறங்குவீர்கள். கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்பதுதான் அன்றைய நாளின் முக்கியமான எண். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். அதை நம்பி உட்கார்ந்துவிடுவார்கள், வண்டியோ சாயங்காலம் ஐந்தாறு மணிக்கே நின்றுவிடும். தவறவிட்டால் ஆயிரம் மீட்டர் இறக்கத்தைக் குழந்தையோடு நடக்க வேண்டியதுதான்.

பாதைகளின் அடையாளம் நாடு முழுக்க ஒரே மாதிரி. சுமார் 65,000 கிலோமீட்டர் நடைபாதைக்கும் மூன்றே வகைக் குறிகள்தான். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை, நல்ல ஷூ இருந்தால் யாரும் போகலாம். வெள்ளை, சிவப்பு, வெள்ளைப் பட்டை என்றால் மலைப்பாதை. குறுகலாகவும் செங்குத்தாகவும் சில இடங்களில் பள்ளத்தை ஒட்டியும் இருக்கும், கணுக்காலைப் பிடிக்கும் ஷூவும் தலைசுற்றாத மனசும் தேவை. வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் ஆல்ப்ஸ் பாதை. பாறையில் கை வைத்து ஏறவும் பனிப்பரப்பைக் கடக்கவும் வேண்டிவரும். அது உங்களுக்கு வேண்டாம், இதில் விவாதமே இல்லை. கைகாட்டிப் பலகையில் தூரம் இருக்காது, நேரம்தான் போட்டிருக்கும். அந்த நேரத்தில் ஓய்வு, சாப்பாடு, போட்டோ எதுவும் சேர்த்தி இல்லை. ஒன்பது வயதுப் பெண்ணோடு போகும்போது அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு லவுட்டர்புருன்னன், வெங்கன், கிரின்டெல்வால்ட் மூன்றில் எது கிடைத்தாலும் சரி. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் இன்டர்லாகன். சமையலறையோடு கூடிய விடுமுறை வீடு கிடைத்தால் குழந்தைக்கு ரசம் சாதமாவது வைக்கலாம். பெர்னிலிருந்து இன்டர்லாகனுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், அங்கிருந்து லவுட்டர்புருன்னன் இருபது நிமிடம், கிரின்டெல்வால்ட் முப்பத்தைந்து. விருந்தினர் அட்டை என்று ஒன்று விடுதியில் கொடுப்பார்கள், உள்ளூர்ப் பேருந்துக்கு அது பெரும்பாலும் செல்லும். கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள் உடம்பைப் பழக்க லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் அடியிலேயே ஸ்டெகல்பெர்க் வரை நடங்கள். ஏறக்குறைய சமதளம், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும், திரும்பப் பேருந்து இருக்கிறது. ஊர் எல்லையிலேயே 297 மீட்டரிலிருந்து விழும் ஸ்டவுப்பாக் அருவி. வழியில் ட்ரும்மெல்பாக். ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் மலைகளின் பனியாற்று நீர் முழுவதும் ஒரு மலையின் வயிற்றுக்குள் பத்து அருவிகளாக இறங்குகிறது, அதைக் குகைப்பாதை வழியாக உள்ளே போய்ப் பார்க்கலாம். உள்ளே குளிரும், நனையும். இது மழை நாளுக்கும் பொருந்தும் என்பதால் என்றைக்குப் போவது என்று முன்கூட்டி முடிவு செய்ய வேண்டாம்.

வெயில் நாளுக்கு நான் முதலில் சொல்வது மென்லிகன் முதல் கிளைன ஷைடெக் வரை. வெங்கனிலிருந்தோ கிரின்டெல்வால்டிலிருந்தோ கேபிள் காரில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறீர்கள். அங்கிருந்து நாலரை கிலோமீட்டர், லேசான இறக்கம், ஒன்றரை மணி நேரம். ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் மூன்றும் நடை முழுக்க முகத்துக்கு நேரே நிற்கும். இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பெரிய காட்சி தரும் பாதையை நான் வேறெங்கும் நடந்ததில்லை. கூட்டம் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். காலை முதல் வண்டியில் போனால் பாதி தப்பிக்கலாம். இரண்டாவது, கிரின்டெல்வால்டிலிருந்து ஃபிர்ஸ்ட் என்ற இடத்துக்கு ஏறி பாக்ஆல்ப் ஏரி வரை போய்த் திரும்புவது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், ஏற்றம் நூறு மீட்டர் அளவுக்குத்தான். காற்றில்லாத காலையில் எதிரே இருக்கும் பனிச்சிகரங்கள் தண்ணீரில் தெரியும்.

மூன்றாவதாகக் கொஞ்சம் 'மலை ஏறினோம்' என்ற திருப்தி வேண்டுமென்றால் ஐகர் பாதை. ஐகர்கிளெட்ஷர் நிலையம் 2,320 மீட்டர், அங்கிருந்து ஆல்பிக்லென் 1,616 மீட்டர், ஆறு கிலோமீட்டர் இறக்கம். இது வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பாதை. 1938-ல்தான் முதல்முறையாக ஏறி முடித்த, ஐகர் மலையின் செங்குத்தான வடக்குப் பாறைச்சுவரின் காலடியிலேயே நடக்கிறீர்கள். தொலைநோக்கி இருந்தால் சுவரில் ஆட்கள் தொங்குவது சில நாள் தெரியும். ஏற்றம் இல்லையே என்று இதை எளிதாக எண்ண வேண்டாம். எழுநூறு மீட்டர் இறக்கம் முட்டியைத்தான் பிடிக்கும். வெள்ளியங்கிரி இறங்கும்போது மூங்கில் தடியின் அருமை தெரிந்திருக்குமே, இங்கே ட்ரெக்கிங் கைத்தடி அந்த வேலையைச் செய்யும். நண்பரிடம் கட்டாயம் ஒரு ஜோடி இருக்கும், கேளுங்கள்.

இந்த இடத்தில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு ஜூனில் திறந்திருக்கும், அது உறுதி. மென்லிகன் பாதையும் ஃபிர்ஸ்டும் ஜூன் மூன்றாவது வாரத்தில் பெரும்பாலும் நடக்கும் நிலையில் இருக்கும், ஆனால் நிழல் பக்கம் பனித்திட்டுகள் கிடக்கலாம். ஐகர் பாதை அந்த வாரத்தில் திறந்திருக்குமா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழுந்தது, மே மாதம் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. சரிவில் கிடக்கும் பழைய பனி காலையில் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். பத்தடி அகலம்தானே என்று தாண்டப் போய் வழுக்கி விழுந்தவர்களை எங்கள் சங்கத்திலேயே பார்த்திருக்கிறோம். பனி குறுக்கே கிடந்தால், கீழே சரிவு இருந்தால், திரும்பிவிடுங்கள். பாதை மூடப்பட்டிருக்கிறது என்று பலகை இருந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. மலை உருகி நகர்ந்துகொண்டிருக்கிறது இங்கே. 2025 மே 28 அன்று வலே மாநிலத்தில் பிளாட்டன் என்ற கிராமத்தின் மேல் பனியாறும் பாறையும் சரிந்து ஊரையே மூடிவிட்டது. முன்கூட்டியே எச்சரித்து மக்களை வெளியேற்றியிருந்ததால்தான் உயிர்ச்சேதம் பெரிதாகாமல் நின்றது. கான்டர்ஸ்டேக் ஊரின் ஓஷினன் ஏரி மிக அழகு, பிள்ளைகளோடு போக நல்ல இடம், ஆனால் அதற்கு மேலேயும் ஒரு பாறைச்சரிவு நகர்ந்துகொண்டிருப்பதால் சுற்றியுள்ள சில பாதைகளை மூடி வைத்திருக்கிறார்கள். சுவிஸ்டோப்போ செயலியில் பாதைகளும் மூடல்களும் தெரியும், வரைபடத்தைப் போனில் இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். வானிலைக்கு மீட்டியோசுவிஸ் செயலி. மூன்று நாளுக்குள்ளான கணிப்பை நம்பலாம், ஒரு வாரக் கணிப்பை வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

கோடையில் பிற்பகல் இடி மின்னல் இங்கே சாதாரணம். காலை ஏழு மணிக்குக் கிளம்பி மதியம் இரண்டு மணிக்குள் நடையை முடிப்பது என்று ஒரே விதி வைத்துக்கொண்டால் பாதி ஆபத்து ஒழிந்தது. மூன்றரை மணி நேர வித்தியாசத்தில் முதல் சில நாள் உங்களுக்குத் தானாகவே விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வரும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மாடுகள் பாதையிலேயே மேயும். கன்றோடு நிற்கும் தாய்ப்பசுவை ஊர் மாடு போல நினைத்துத் தடவப் போகாதீர்கள், முட்டித் தள்ளிய சம்பவங்கள் ஆண்டுதோறும் நடக்கின்றன. விலகிப் போங்கள், மகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், கடந்த வேலிக்கதவைத் திரும்ப மூடுங்கள். புல்வெளியில் உண்ணி இருக்கும், அது நோய் பரப்பும். இரவில் குளிக்கும்போது முட்டிக்குப் பின்னாலும் அக்குளிலும் குழந்தைக்குப் பார்த்துவிடுங்கள். உதவிக்கு 112. மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414. ஹெலிகாப்டர் வந்தால் பில் ஆயிரக்கணக்கான பிராங்கில் வரும். விசாவுக்காக வாங்கும் மலிவான காப்பீட்டில் மலை மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைத் திறந்து படியுங்கள். இதை யாரும் செய்வதில்லை.

யுங்ஃபிராவ்யோக் பற்றி: 3,454 மீட்டர் உயரத்தில் 1912-ல் ரயில் நிலையம் கட்டியிருக்கிறார்கள், அந்தச் சாதனைக்காகவே பார்க்கத் தகுந்தது. ஆனால் தள்ளுபடியில்லாமல் ஆளுக்கு 200 பிராங்கைத் தாண்டும். காலையில் நேரலைக் கேமராவில் மேலே வானம் தெளிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள். காற்றழுத்தம் அங்கே கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கிரின்டெல்வால்டிலிருந்து புதிய கேபிள் காரும் ரயிலுமாக முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடுவதால் தலைவலி, குமட்டல் சிலருக்கு வரும். படியில் ஓடாதீர்கள், தண்ணீர் குடியுங்கள், சரியில்லை என்றால் அடுத்த ரயிலில் இறங்கிவிடுங்கள். உங்கள் பட்ஜெட் இறுக்கம் என்றால் இதை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் மூன்று நாள் மலையில் நடங்கள் என்றுதான் நான் சொல்வேன். என் மனைவி இதை ஒத்துக்கொள்ளமாட்டார், ஊரிலிருந்து அவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பனியைத் தொடாமல் போவதா என்பார்.

பாஸ் விஷயத்தில் எல்லோரும் சுவிஸ் டிராவல் பாஸ் என்பார்கள். ரயில், பேருந்து, படகு எல்லாம் அதில் அடக்கம், தினமும் ஊர் ஊராக ஓடுபவர்களுக்கு லாபம். உங்கள் திட்டம் அப்படியில்லை. நான்கு நாள் ஒரே பள்ளத்தாக்கில் இருக்கிறீர்கள், செலவு கேபிள் காரிலும் மலை ரயிலிலும்தான். யுங்ஃபிராவ்யோக் பாதையில் அந்த பாஸுக்கு 25 சதவீதம்தான் தள்ளுபடி, அரைக்கட்டண அட்டைக்கோ பாதி. ஆகவே ஒரு மாத அரைக்கட்டண அட்டை உங்களுக்குப் பெரும்பாலும் மலிவாக வரும். 'பெரும்பாலும்' என்கிறேன், ஏனென்றால் விலைகள் ஆண்டுதோறும் மாறுகின்றன, தாளில் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கூடவே இலவசக் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்கினால் மகளுக்கு ரயில் கட்டணம் இல்லை. லூட்சர்னுக்கு ஒருநாள் போய்வர, முன்கூட்டி வாங்கினால் மலிவாகும் ஒருநாள் பயணச்சீட்டு இருக்கிறது. அதன் இன்னொரு வகையை ஊராட்சி அலுவலகங்களில் மட்டும் விற்கிறார்கள், அதற்கு நண்பரை அனுப்புங்கள். பயணம் செய்பவரின் பெயரில்தான் அந்தச் சீட்டு இருக்கும் என்பதால் உங்கள் பெயர், பிறந்த தேதியைக் கொடுத்துவிடுங்கள்.

மழை பிடித்துக்கொண்டால் லூட்சர்னில் மரப்பாலமும் போக்குவரத்து அருங்காட்சியகமும் போதும், குழந்தை அருங்காட்சியகத்தை விட்டு வரமாட்டாள். பெர்னில் பழைய நகரத்தின் கடைத்தெருக்கள் முழுக்க வளைவுக் கூரை, குடையில்லாமல் நடக்கலாம். ஐன்ஸ்டீன் குடியிருந்த வீடும் அங்கேதான். அப்புறம், ஐரோப்பா சதுக்கத்தில் 2014-ல் திறந்த சமயங்களின் இல்லம் என்று ஒரு கட்டிடம் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் பள்ளிவாசல், கிறிஸ்தவ ஆலயம், பௌத்த மையம், துருக்கியிலிருந்து வந்த அலெவி சமயப் பிரிவினரின் மன்றம், கூடவே ஈழத்தமிழர்கள் நடத்தும் சைவக் கோயில். எண்பதுகளில் போருக்குத் தப்பி அகதிகளாக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்று இந்த நாட்டில் பல்லாயிரம் பேர். உங்கள் நண்பர் வாங்கும் முருங்கைக்காய் அவர்கள் கடையிலிருந்து வருவதாகத்தான் இருக்கும்.

நண்பரோடு சேர்ந்து ஒரு நடை போகாமல் இருக்க முடியாது, போகவும் வேண்டும். முதல் வார இறுதியில் சின்னதாக, கடைசி வார இறுதியில் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சில ஆண்டு இருந்தவர் "ஈஸிதான், சும்மா நடை" என்றால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கால் பழகிவிட்டது. பாதையின் நிறம் என்ன, பலகை நேரம் எவ்வளவு, இறக்கம் எத்தனை மீட்டர் என்று மூன்றைக் கேளுங்கள். குழுவில் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுவது எங்கள் சங்கத்து வழக்கம், உங்கள் மகளை முன்னால் விட்டால் எல்லோரும் ஒன்றாகவே இருப்பீர்கள். ஆரே ஆற்றில் குதித்து மிதந்து போவது பெர்ன்காரர்களுக்குக் கோடைப் பொழுதுபோக்கு, நண்பரும் கூப்பிடுவார். பனி உருகி வரும் தண்ணீர், ஜூனில் நல்ல குளிர், இழுப்பு அதிகம். ஓடும் ஆற்றில் நீந்திப் பழக்கமில்லை என்றால் கரையில் துணிக்குக் காவல் இருங்கள். கரையோர மார்சிலி நீச்சல்குளம் இலவசம், குழந்தைக்கு அது போதும்.

ஷூவை அங்கே வந்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். விலை அதிகம் என்பது ஒருபுறம், புது ஷூவோடு நேரே மலைக்குப் போனால் இரண்டாம் நாள் குதிகால் கொப்பளித்துவிடும். கோவையிலேயே இப்போதே வாங்கி, கடைக்குப் போகவும் மருதமலைப் படி ஏறவும் அதையே போட்டுக்கொள்ளுங்கள். அடிப்பகுதி ஆழமான பள்ளங்களோடு இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. மெல்லிய உடுப்பு இரண்டு மூன்று அடுக்காக, மேலே மழைக்கோட்டு, தொப்பி, சன்ஸ்கிரீன், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். ஊர்களில் உள்ள குடிநீர்த் தொட்டிகளில் 'குடிக்கத் தகாது' என்று எழுதியிராவிட்டால் தாராளமாகப் பிடித்துக் குடிக்கலாம், பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தேதி முடிவானதும் எழுதுங்கள், அந்த வாரம் எந்தப் பாதையில் பனி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.